சாவா மூவாப் பணம்

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கை அமைய 60 லட்சம் டாலர் வேண்டியிருந்தது. உலகெங்கும் தமிழர்கள் கொடுத்தார்கள்; தமிழக அரசு 10 கோடி ரூபாய் தந்தது; 2018இல் தொகை நிறைந்தது. ஒரு பேராசிரியருக்கு இத்தனை பணமா? அந்தப் பணத்தை யாரும் செலவழிக்கப் போவதில்லை என்பதுதான் விஷயம். அது முதலீட்டில் இருக்கும். ஆண்டுக்கு 5 சதவீதம் எடுப்பதாக வைத்துக்கொண்டால் 3 லட்சம் டாலர் வரும். இன்றைய பேராசிரியருக்கும், இன்னும் பிறக்காத பேராசிரியருக்கும் அதிலிருந்துதான் சம்பளம். இப்படி மூலத்தைத் தொடாமல் விளைச்சலை மட்டும் எடுக்கும் தொகைக்கு நிலைநிதி என்று பெயர்.

சோழர்களுக்கு இது அத்துபடி. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் கணக்கு. மந்தையை வாங்கிக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழட்டு ஆடு செத்தால் அதன் இடத்துக்குக் குட்டி வந்துவிடும். மந்தைக்கு மூப்பே இல்லை. ‘சாவா மூவாப் பேராடு’ என்று சோழர் கல்வெட்டுகள் எழுதிவைத்தன. நிலைநிதிக்கு இதைவிட நல்ல பெயரை நான் கேட்டதில்லை.

பணத்தைத் தின்னும் நோய் விலைவாசி. நிதி ஆண்டுக்கு 8 சதவீதம் வளர்ந்து, விலைவாசி 3 சதவீதம் ஏறினால், 5 சதவீதத்துக்கு மேல் கைவைக்கக் கூடாது. மிச்சம் 3 சதவீதம் குட்டிகளாக மந்தையிலேயே நிற்க வேண்டும். இன்றைய மாணவரின் பங்கும் நாளைய மாணவரின் பங்கும் ஒன்றே என்ற இந்த நியாயத்தை 1974இல் கோட்பாடாக்கியவர், யேல் பல்கலைக்கழகப் பொருளியலாளர் ஜேம்ஸ் டோபின்.

சந்தை திடீரென்று சரிந்தால்? டோபினிடம் படித்த டேவிட் ஸ்வென்சன் 1985இல் யேலின் நிதிப் பொறுப்பை ஏற்றார். அங்கே பின்பற்றப்பட்ட சூத்திரத்தில், செலவின் 80 சதவீதம் போன ஆண்டுச் செலவைப் பார்த்து முடிவாகும். 20 சதவீதம் மட்டுமே சந்தையைப் பார்க்கும். 100 கோடி நிதி, செலவு 5 கோடி என்று வைத்துக்கொள்வோம். நிதி 75 கோடியாகச் சரிந்தால், நேர்க்கணக்கில் செலவு 3.75 கோடிக்கு இறங்க வேண்டும். இந்தச் சூத்திரப்படி, விலைவாசியை விட்டுப் பார்த்தால், 4.75 கோடி! சம்பளத்தில் கால்பங்கு போனாலும் வீட்டுச் செலவில் நூற்றுக்கு ஐந்தே ரூபாய் குறைவதுபோல. ஒரு வகுப்பும் நிற்காது.

இத்தனை நாள் வாழப்போகும் பணத்துக்கு என்ன நிபந்தனை போடுவது என்பதே கொடையாளருக்குக் கடினமான கேள்வி. நோக்கத்தைத் தெளிவாகவும் வழியைத் தளர்வாகவும் எழுதுங்கள் என்றே நான் சொல்வேன். 1790இல் இறந்த பெஞ்சமின் பிராங்க்ளின், பாஸ்டன் நகருக்கு 1,000 பவுண்டு எழுதிவைத்தார்: தொழில் பழகி முடித்த, மணமான இளைஞர்களுக்குக் கடன் கொடுக்க, 200 ஆண்டுகளுக்கு. காலப்போக்கில் அப்படித் தொழில் பழகும் வழக்கமே அருகியது. கடன் கேட்க ஆளில்லை, பணமோ வளர்ந்துகொண்டிருந்தது. நூறாண்டு கழித்து அதில் ஒரு பங்கைக் கொண்டு பாஸ்டனில் தொழிற்கல்விக்கூடம் கட்டினார்கள். அந்தக் கல்வி நிறுவனத்தில் இன்றும் இளைஞர்கள் தொழில் கற்கிறார்கள்.