காற்று வடிகட்டி யாரைப் பார்த்து நிற்கிறது?

‘விஷவாயு தாக்கித் தொழிலாளி பலி’ என்பது தமிழ்ச் செய்தித்தாள்களுக்குப் பழகிப்போன தலைப்பு. இந்த வாக்கியத்தில் தாக்கியது வாயு, இறந்தவர் தொழிலாளி. அவரைக் குழிக்குள் இறக்கியவர் வாக்கியத்திலேயே இல்லை. முதல் தகவல் அறிக்கைகள் பலவும் இதே இலக்கணத்தில்தான் எழுதப்படுகின்றன. ஆகவே அந்த வாயு என்ன, அதைத் தடுக்கத் தொழில்நுட்பம் என்ன வைத்திருக்கிறது, அது எங்கே பொருத்தப்படுகிறது என்பதை வேதியியலாளர்கள் மட்டுமல்லாமல் நாமும் அறிந்திருக்க வேண்டியுள்ளது.

காற்றுப் புகாத கழிவில் நுண்ணுயிரிகள் சல்ஃபேட்டைச் சிதைக்கும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு உருவாகிறது. அது காற்றைவிடச் சற்றே கனமானது. குழியின் அடியில் தங்கும். காற்றின் பத்து லட்சம் பங்கில் ஒரு பங்குகூட இல்லாதபோதே அழுகிய முட்டையின் நாற்றமாக மூக்கு அதை உணர்ந்துவிடும். ஆனால் 100 பங்கைத் தாண்டும்போது நுகரும் நரம்பு மரத்துப்போகிறது. 500ஐத் தாண்டினால் சில நிமிடங்களில் நினைவு தப்பும். 1000ஐ எட்டினால் ஓரிரு மூச்சுகளே மிஞ்சும். அதாவது, நாற்றம் நின்றுபோகும் இடத்தில்தான் சாவு தொடங்குகிறது. முதலில் இறங்கியவரைக் காப்பாற்ற இரண்டாமவரும் மூன்றாமவரும் இறங்கி மாள்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். உடனிருக்கும் மீத்தேனுக்கோ மணமே கிடையாது.

இந்த வாயுக்களை அடக்கும் கருவிகள் புதியவை அல்ல. தூசியைப் பிடிக்கும் துணிப்பை வடிகட்டி இங்கே உதவாது. வாயுவின் மூலக்கூறு அதன் இழைகளுக்கிடையே எளிதாக நுழைந்துவிடும். வாயுவைப் பிடிக்க ஆக்டிவேட்டட் கார்பன் எனப்படும் செயலூட்டிய கரி வேண்டும். ஒரு கிராம் கரியின் நுண்துளைகளை விரித்தால் ஏறக்குறைய 1000 சதுர மீட்டர் பரப்பு வரும். வாயு அதில் ஒட்டிக்கொள்கிறது. மற்றொரு முறையில், கோபுரம் போன்ற கலத்துக்குள் காற்றைக் கீழிருந்து செலுத்தி, மேலிருந்து காஸ்டிக் சோடாவும் சோடியம் ஹைப்போகுளோரைட்டும் கலந்த கரைசலைப் பொழிவார்கள். சல்ஃபைடு சல்ஃபேட்டாக மாறி நீரோடு நின்றுவிடும். மக்கிய உரமும் மரச்சீவலும் நிரப்பிய படுகையில் நுண்ணுயிரிகளைக் கொண்டே வாயுவைச் சிதைக்கும் உயிர்வடிகட்டிகளும் உண்டு. எதுவானாலும் பராமரிப்புதான் அதன் உயிர். கரியின் துளைகள் நிரம்பிவிட்டால் பெட்டி அங்கேயே நிற்கும், விசிறி சுழலும், வாயு அப்படியே வெளியேறும்.

இக்கருவிகள் பொருத்தப்படும் இடத்தில்தான் அரசியல் இருக்கிறது. கழிவுநீர் உந்து நிலையத்திலோ சுத்திகரிப்பு நிலையத்திலோ நாற்றக் கட்டுப்பாடு வருவதற்குப் பெரும்பாலும் அக்கம்பக்கத்துக் குடியிருப்புகளின் புகாரே காரணம். அது நியாயமான புகார். ஆனால் நாற்றம் வெளியேறாதிருக்க முதலில் தொட்டியை மூடுகிறார்கள். பிறகு உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி வடிகட்டிக்கு அனுப்புகிறார்கள். உறிஞ்சும் விசிறி நின்றுபோனால், மூடியின் கீழ் வாயு செறிந்துகொண்டே போகும். வெளியே காற்று சுத்தமாக, உள்ளே முன்னைவிடக் கொடியதாக ஆகிவிடும். அளக்கும் கருவி வெளியேறும் குழாயில் மட்டும் இருந்தால் உள்ளே நடப்பது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் ஆலைகளில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. முடி நீக்கப் பயன்படும் சோடியம் சல்ஃபைடு கலந்த சுண்ணாம்புக் கழிவுநீர், அமிலக் கழிவுநீரோடு சேர்ந்தால் அந்தக் கணமே வாயு கிளம்பும். பாலாற்றுப் படுகையின் நீரையும் நிலத்தையும் பற்றி 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் விரிவாகப் பேசியது. தொட்டிக்குள் இறங்குபவரின் மூச்சு அந்த வழக்கின் பொருளாக இருக்கவில்லை.

அப்படியானால் வடிகட்டியைத் தொழிலாளியின் முகத்திலேயே மாட்டிவிடலாமே என்று கேட்கலாம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். துணி முகக்கவசம் வாயுவைத் தடுக்காது. கரி அடைத்த முகமூடி சிறிதளவு வாயுவைத் தடுக்கும். ஆனால் அது காற்றைத் தூய்மை செய்யுமே தவிர ஆக்சிஜனை உண்டாக்காது. இயல்பான காற்றில் ஆக்சிஜன் 20.9 விழுக்காடு, 19.5க்குக் கீழே சென்றால் எந்த வடிகட்டி முகமூடியும் பயனற்றது. மூடிய குழியில் வெளியிலிருந்து காற்றைக் கொண்டுவரும் குழாயோ முதுகில் சுமக்கும் காற்று உருளையோ மட்டுமே சுவாசக் கருவி ஆகும். இறங்குமுன் அளந்து பார்த்ததும் போதாது. அடிச்சேற்றைக் கிளறும்போது அதில் சிறைப்பட்டிருந்த வாயு ஒரேயடியாக வெளிப்படும்.

2013ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளுவோர் தடைச் சட்ட விதிகளில் உள்ள பாதுகாப்புக் கருவிப் பட்டியலோ சுவாசக் கருவி, வடிகட்டி முகமூடி, சாதாரண முகக்கவசம் ஆகியவற்றை ஒரே வரிசையில் வைக்கிறது. சட்டத்தின் வரையறை அதைவிடச் சிக்கலானது. பாதுகாப்புக் கருவியும் முன்னெச்சரிக்கையும் இன்றிக் கையால் சுத்தம் செய்வதே ‘ஆபத்தான சுத்திகரிப்பு’ என்கிறது அது. எனவே ஒப்பந்ததாரரின் வழக்கறிஞர் நீதிமன்றத்தில் முதலில் நீட்டுவது முகமூடி வாங்கிய ரசீதைத்தான். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 36ஆம் பிரிவில் எவ்வளவு தெளிவாக எழுதியது என்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: தகுதியுள்ளவர் தாமே சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும், இல்லையேல் இறங்குபவர் சுவாசக் கருவியும் இடுப்பு வாரும் அணிந்திருக்க வேண்டும், அந்தக் கயிற்றின் மறுமுனை வெளியே ஒருவர் கையில் இருக்க வேண்டும். இதே அறிவு ஆலைச் சுவருக்குள் சட்டமாகிறது. தெருவில் அருந்ததியர் இறங்கும் குழியருகே வரும்போது ஒரு கையுறையாகச் சுருங்கிவிடுகிறது. இதைத் தொழில்நுட்பப் பற்றாக்குறை என்று என்னால் ஏற்க முடியவில்லை.

உச்ச நீதிமன்றம் 2014இல் இறந்தோர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்றது. 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் அதை 30 லட்சமாக்கியது. 2025 ஜனவரியில் சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மனிதரைக் கழிவுநீர்க் குழிக்குள் இறக்குவதற்கே தடை விதித்தது. இழப்பீட்டைப் பெற்றுத் தருவது ஒரு வேலை. குற்றத்தை நிறுவுவது வேறு வேலை. அதற்கு ஆவணம் தேவை.

எனவே உங்கள் ஊரில் உந்து நிலையமோ பொதுச் சுத்திகரிப்பு நிலையமோ இருந்தால், மரணம் நிகழும்வரை காத்திருக்காமல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இப்போதே கேளுங்கள். வாயு அளவி எத்தனை உள்ளன, கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டன? அளவு எடுக்கப்படுவது வெளிக்குழாயிலா, தொட்டிக்குள்ளா? வடிகட்டியின் கரி எந்தத் தேதியில் மாற்றப்பட்டது, உறிஞ்சும் விசிறி எத்தனை நாள் நின்றது? கடந்த மூன்றாண்டுகளில் உள்ளே இறங்க யார் கையெழுத்திட்டு அனுமதி அளித்தார்? ‘பதிவேடு இல்லை’ என்று எழுத்தில் பதில் வந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். விபத்துக்குப் பின் புதிதாக ஒரு பதிவேடு நீதிமன்றத்துக்கு வரும்போது, அதற்கு எதிராக நாம் வைக்கும் முதல் சான்று அதுவாகவே இருக்கும்.