தார்ப் பாலையில் ஒரு நீர்க்கணக்கு

பாலைவனம் என்றதும் ஆளரவமற்ற மணற்கடலே நம் அன்பர் பலரின் நினைவுக்கு வரும். இராஜஸ்தானத்தின் மேற்கே விரிந்துள்ள தார்ப் பாலை அத்தகையதன்று; உலகில் மக்கள் நெருக்கம் மிகுந்த பாலைகளுள் அதுவும் ஒன்று. அங்கே ஆடு மேய்ப்போர் உளர். கம்பும் நரிப்பயறும் கொத்தவரையும் விளைவிப்போர் உளர். நம்மவரைப் போலவே குழித்தறியில் அமர்ந்து நெய்வோரும் உளர். மழை மிக அருகிய அந்நாட்டில் இவர்கள் ஓராண்டுக்குரிய குடிநீரை எங்ஙனம் சேர்த்து வைக்கின்றனர் என்பதை, நேரிற் கண்டவாறு இங்கே விளக்கக் கருதுகிறோம்.

2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் விடுப்புப் பெற்று, ஜோத்பூர் வரை இரயிலிலும், அங்கிருந்து பலோடி நகருக்குப் பேருந்திலும் சென்றோம். 2016ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் 51 பாகை வெப்பம் பதிவானது இந்தப் பலோடியில்தான். நகரைக் கடந்து, மணல்மேடுகளுக்கிடையே உள்ள ஒரு சிற்றூரில், மேகவால் வகுப்பைச் சேர்ந்த நெசவாளர் ஒருவரின் இல்லத்தில் பதினொரு நாட்கள் தங்கினோம். மூத்தோரை அங்கே ‘பாசா’ என்று விளிப்பர். வீட்டுப் பெரியவரை நாமும் அவ்வாறே அழைத்தோம்.

முதல் நாட்காலையிலேயே பிழை செய்தோம். நம் ஊர் வழக்கப்படி சொம்பு நீரை மணலில் கொட்டி முகங்கழுவினோம். எவரும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பாசாவின் மருமகள் நமக்கு முன்னே ஓர் அகன்ற பாத்திரத்தை வைத்துவிட்டு உள்ளே சென்றார். அதில் விழுந்த நீர் ஆடுகளுக்குப் போயிற்று. அன்று முதல் நாம் முகங்கழுவிய நீரின் அளவை ஆடுகளும் அறிந்திருந்தன!

அவ்வீட்டு முற்றத்தில் இருந்தது ‘டாங்கா’ என்னும் நிலத்தடித் தொட்டி. வட்டமாகக் குழி தோண்டி, உட்புறம் சிமெண்டு பூசி, மேலே மூடியிட்டது. அதனைச் சுற்றியுள்ள தரை தொட்டியை நோக்கிச் சரியும்படி இறுக்கப்பட்டிருக்கும். இத்தரைக்கு ‘ஆகோர்’ என்று பெயர். மழை நீர் ஆகோரில் வழிந்து, வண்டல் தங்கும் சிறு குழியைக் கடந்து, தொட்டிக்குள் இறங்கும். பாம்பும் எலியும் புகாதவாறு நுழைவாயிலில் முள் வைக்கின்றனர். ஆகோரில் செருப்புடன் நடத்தல் ஆகாது. ஆடு கட்டுதலும் ஆகாது.

கணக்கு மிக எளிது. ஒரு சதுர மீட்டர்த் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். அப்பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 மில்லிமீட்டர் மழை எனக் கொண்டால், 300 சதுர மீட்டர் ஆகோரில் விழுவது 60,000 லிட்டர். மண் குடித்ததும் வெயில் குடித்ததும் போக மூன்றில் ஒரு பங்கு உள்ளே சேர்ந்தாலும் 20,000 லிட்டர் ஆகும். ஜோத்பூரில் 1959 முதல் இயங்கிவரும் மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிலையம் ஆறு பேர் கொண்ட குடும்பத்திற்கென வகுத்த தொட்டியின் கொள்ளளவு 21,000 லிட்டர். 365 நாட்களுக்கு வகுத்தால் தலைக்கு ஒன்பதரை லிட்டருக்குச் சற்று மேல் வரும். குடிக்கவும் சமைக்கவும் அவ்வளவே. மழை பொய்த்த ஆண்டில் அதுவும் இல்லை.

இனித் தறியைப் பற்றிச் சில சொற்கள். அவர்கள் நெய்வதன் பெயர் ‘பட்டு’. நம் நெசவாளர் வியக்க வேண்டாம். அது ஆட்டு மயிரில் நெய்யும் கம்பளிப் போர்வை. குறுகிய அகலத்தில் இரு துண்டுகளாக நெய்து நடுவே தைத்து இணைப்பர். கூடுதல் ஊடையை விரலால் கோத்து எழுப்பும் கட்டங்களும் முக்கோணங்களும் பார்ப்பதற்கு எம்பிராய்டரி போலவே தோன்றும். முன்னாளில் மேய்ப்பர் மயிரைத் தருவர், நெசவாளர் போர்வை நெய்து கொடுத்துத் தானியம் பெறுவர். 1987ஆம் ஆண்டின் கொடும் வறட்சியில் கால்நடைகள் மடிந்தபோது, பிகானேர்ப் பகுதிப் பால் கூட்டுறவு ஒன்றியத்திலிருந்து தோன்றிய ‘உர்முல்’ அறக்கட்டளை பெண்களுக்குக் கம்பளி நூற்கும் வேலை அளித்தது. பின்னர் பலோடிப் பகுதி நெசவாளர் தமக்கென ஓர் அமைப்பையும் கண்டனர். பால் சங்கத்தின் வழியே தறிக்கு வாழ்வு வந்த இச்செய்தி நம் இயக்கத்தார் அறியத்தக்கது.

தொழில் பழக்கத்தால் பாசாவின் சேமிப்புப் புத்தகத்தையும் வாங்கிப் பார்த்தோம். புரட்டாசி முதல் சிறுகச் சிறுக ஏறிய தொகை, சித்திரையில் சரேலென இறங்கியிருந்தது. திருமணமோ, மருத்துவமோ என்று வினவினோம். “தண்ணீர், சாஹப்” என்றார். தொட்டி வற்றியதும் டாங்கர் நீர் வாங்கி ஊற்றியிருக்கிறார். ஒரு டாங்கருக்கு ஏறக்குறைய ஒரு வாரக் கூலி.

நமக்குச் சற்று வெட்கமாகவே இருந்தது. நம் பக்கத்தில் ஐப்பசி அடைமழையில் தறிக்குழியில் நீர் ஊறி, பாவு நமத்து, வேலை நின்றுபோவதை அறியாதவர் உண்டா? அவ்வாறிருந்தும், கார்த்திகையில் தவணை கட்டாத உறுப்பினரைத் தணிக்கைக் குறிப்பில் ‘பொறுப்பற்றோர்’ என்று நம் கையாலேயே எழுதியிருக்கிறோம். எந்த மாதம் என்று அன்று நாம் பார்க்கவில்லை.

உணவு நமக்குப் புதிதன்று. கம்பு ரொட்டி, மோரில் காய்ச்சிய கம்பங்கூழ், ‘சாங்கிரி’ என்னும் காய்க்கறி. அக்காயைத் தரும் கேஜ்ரி மரம் வேறெதுவுமன்று, நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னியே. அங்கே அதன் இலை ஆட்டுக்கும், காய் மனிதர்க்கும், நிழல் பயிருக்கும் உதவுகிறது. 1730இல் இம்மரங்களை வெட்ட வந்தோரைத் தடுத்து, கேஜ்ரலி என்னும் ஊரில் 363 பிஷ்னோய் மக்கள் உயிர் துறந்தனர்.

டாங்காவின் மூடியில் ஒரு பூட்டுத் தொங்கியது. “பூட்டு எதற்கு, பாசா?” என்றோம். “ஆடு மூடியைத் தள்ளிவிடும்” என்றார். ஒன்பதாம் இரவு, கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தபோது அவரே பேச்சைத் தொடங்கினார். அவர் சிறுவராயிருந்த நாளில் ஊர்க்கிணற்றை அவ்வகுப்பார் தொடலாகாது. அவர் அன்னை குடத்துடன் தொலைவில் நிற்பார். மேல்வகுப்பார் எவரேனும் வந்து மேலிருந்து ஊற்றினால் உண்டு. சில நாள் உச்சிப் பொழுது வரை நின்று வெறுங்குடத்துடன் திரும்பியதும் உண்டு. தொண்ணூறுகளில் வறட்சி நிவாரண வேலையில் கிடைத்த கூலியைக் கொண்டு இத்தொட்டியைக் கட்டினார். அன்னை அதற்கு முன்பே காலமாகிவிட்டார். இதைச் சொல்லிவிட்டு அவர் நெடுநேரம் பேசவில்லை. நாமும் பேசவில்லை.

சாவி மருமகளிடம் இருக்கிறது. நாம் புறப்பட்ட காலையில் அவரும் பேத்திகள் இருவரும் ஆகோரைத் துடைப்பத்தால் பெருக்கி, ஆட்டுப் பிழுக்கையைப் பொறுக்கிக் கொண்டிருந்தனர். மழைக்கு இன்னும் மூன்று வாரமாவது ஆகும் என்றார் பாசா. தொட்டிக்குள் எட்டிப் பார்த்தோம்; அடியில் ஒரு முழ நீர் கிடந்தது.