வானோர் காதலும் மண்ணோர் துயரும்

பெருமுக்கல் குன்றின்மீது வைகறையில் நின்று, கிழக்கே மரக்காணத்து உப்பளங்களின் பக்கம் வானம் சிவப்பதைக் காண்போர்க்கு, பண்டை யவனர் அச்செவ்வொளியைப் பெண் தெய்வமாகக் கொண்டது வியப்பன்று. ஈயோஸ் என்பது அத்தெய்வத்தின் பெயர். வேதம் கூறும் உஷையின் பெயரும் இதுவும் ஒரே வேரினின்று பிறந்தவை என்பர் மொழிநூலார்.

ஈயோஸ், திராய் நகரத்து அரசிளங்குமரன் தித்தோனஸைக் காதலித்தாள். அவன் சாவாதிருக்கச் சியூஸ் தேவனிடம் வரம் பெற்றாள். மூவாதிருக்கக் கேட்க மறந்தாள். அவனோ மூத்துத் தளர்ந்து, கைகால் அசைக்கவும் இயலாதவனாய், குரல் மட்டும் ஓயாது ஒலிக்க, ஓர் அறையில் அடைபட்டான். திங்கட் செல்வியாகிய செலீனி விரும்பிய எந்திமியோன், இளமை மாறாதவனாய் என்றும் உறங்கிக் கிடந்தான்.

நம் நாட்டிலும் இத்தகைய கதை உண்டு. திருப்பரங்குன்றத்துச் சித்திர மண்டபத்தில், பூனை வடிவெடுத்த இந்திரனையும், அவன் விழைந்த அகலிகையையும், சினந்த கௌதமரையும் வழிபட வந்தோர் ஒருவர்க்கொருவர் சுட்டிக் காட்டியதைப் பரிபாடலின் 19ஆம் பாடல் கூறுகின்றது. அகலிகை கல்லானாள்.

முதுமை, உறக்கம், கல் ஆகிய மூன்றும் வேறுபோல் தோன்றினும், இழப்பு ஒன்றே. வளர்தலும் முயலுதலும் உரிய காலத்து ஓய்தலுமாகிய மனித வாழ்வை மூவரும் இழந்தனர். ஈயோஸோ மறுநாளும் உதித்தாள். செலீனி மறுநாளும் உலா வந்தாள். இந்திரன் சாபமுற்றும் வானவர் கோனாகவே இருந்தான். நம் வாழ்நாள் குறுகியதென வருந்தும் நண்பர்கள், தித்தோனஸின் அறையை ஒருகால் எண்ணிப் பார்ப்பாராக.