ஊசி ஒருவருக்கு, பாடம் இருவருக்கும்

"இனி தினமும் இன்சுலின் போட வேண்டும்" என்று மருத்துவர் சொன்ன அன்று, பல வீடுகளில் இரண்டு காரியம் நடக்கிறது. சர்க்கரை டப்பா சமையலறையின் மேல் தட்டுக்குப் போய்விடுகிறது. சொந்தக்காரர் யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று முடிவாகிறது. இரண்டுமே உதவாது. முதலாவது ஆபத்தும்கூட. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறோம்.

இன்சுலின் இல்லாமல் உயிர் வாழ முடியாத சர்க்கரை நோயை டைப் 1 என்கிறார்கள். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடலின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுவதால் வருவது இது. இனிப்புத் தின்றதால் வந்ததல்ல, தொற்றவும் செய்யாது. குழந்தைகளுக்கு மட்டும்தான் வரும் என்பதும் சரியல்ல. கல்யாணமாகி, இருங்காட்டுக்கோட்டைக்கோ ஒரகடத்துக்கோ ஷிப்டு வேலைக்குப் போகும் முப்பது வயதுக்காரருக்கும் வரலாம். பல வருடம் மாத்திரையில் இருந்து இன்சுலினுக்கு வந்த டைப் 2 நோயாளிகளுக்கும் இங்கே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும். ஊசியின் அளவை மட்டும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

"ஊசி பழகிவிட்டால் விட முடியாது, கஷாயம் குடித்துப் பாரேன்" என்று யாராவது சொல்லத்தான் செய்வார்கள். 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் லெனார்ட் தாம்ப்ஸன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் செலுத்தப்படும் வரை, இந்த நோய் வந்தவர்கள் மெலிந்து மெலிந்து இறந்தே போனார்கள். டைப் 1 உள்ளவர் ஊசியை ஓரிரு நாள் நிறுத்தினாலே வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு என்று ஆகி மயக்கத்தில் போய் நிற்கும். காய்ச்சலில் சாப்பாடு இறங்காத நாளிலும் ஊசியை அடியோடு நிறுத்தக் கூடாது. மருத்துவரைக் கேட்டு அளவை மாற்றிக்கொள்ள வேண்டும்.

நம் வீடுகளில் மெல்லக் கேட்கப்படும் இன்னொரு கேள்வி: "இது பன்றியிலிருந்து எடுப்பதாமே?" முன்பு பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுத்தது உண்மைதான். இரண்டாம் உலகப் போரின்போது ஷாங்காயில் அகதியாக இருந்த ஈவா சாக்ஸ்ல் என்ற யூதப் பெண்ணுக்கு இன்சுலின் கிடைக்காமல் போனது. அவருடைய கணவர் விக்டர் ஜவுளித் தொழில் தெரிந்தவர், மருத்துவரல்ல. ஒரு மருத்துவப் புத்தகத்தைப் பார்த்து, எருமைக் கணையத்திலிருந்து மனைவியோடு சேர்ந்து தாமே இன்சுலின் தயாரித்தார். முயலுக்குப் போட்டுச் சோதித்த பிறகு ஈவா தனக்குப் போட்டுக்கொண்டார். அங்கிருந்த மற்ற நோயாளிகளுக்கும் அது போய்ச் சேர்ந்தது. அந்தக் கஷ்டம் இன்று நமக்கு இல்லை. 1982 முதல் வந்திருக்கும் 'மனித இன்சுலின்', பாக்டீரியா அல்லது ஈஸ்ட் கொண்டு ஆய்வகத்தில் தயாராவது. அரசு மருத்துவமனையில் இன்சுலின் இலவசம். கம்பெனியில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் மனைவி மக்களுக்கும் அங்கே சிகிச்சை உண்டு.

இனி, சர்க்கரை டப்பா. இன்சுலின் போடுபவருக்குச் சர்க்கரை ஏறுவது மட்டுமல்ல, திடீரென இறங்குவதும் ஆபத்து. வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல் இவை அறிகுறிகள். காரணமில்லாத கோபமும் அதில் ஒன்று. எரிந்து விழுகிறாரே என்று பதிலுக்குச் சண்டை பிடிக்கும் முன், விரலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை கொடுங்கள், ஏறிய பின் ஏதாவது சாப்பிட வையுங்கள். பிஸ்கட்டும் சாக்லேட்டும் மெதுவாகத்தான் ஏற்றும். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐ அழையுங்கள். ஆகவே டப்பா கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

நோய் மனைவிக்கு என்றால் நாம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியாகச் சாப்பிடுவது நம் வீட்டுப் பெண்களின் வழக்கம். ஊசி போட்டுக்கொண்டு அப்படி நின்றால் அடுப்படியிலேயே விழுந்துவிடுவார். அவர் தட்டை முதலில் எடுத்து வைப்பது கணவரின் வேலை, மாமியாரின் வேலையும்தான். வலீமா வீட்டிலும் இதே கதை. வீட்டிலேயே ஊசி போட்டுக்கொண்டு போனால், பந்தி தாமதமானால் அகப்பட்டுக்கொள்வார்கள். ஊசியைக் கையோடு கொண்டுபோய், சாப்பாட்டு நேரம் உறுதியான பிறகு போட்டுக்கொள்ளட்டும்.

நைட் ஷிப்டுக்குப் போகிறவருக்கு ஊசி நேரமும் சாப்பாட்டு நேரமும் வாரத்துக்கு வாரம் புரளும். ஷிப்டு அட்டவணையை மருத்துவரிடம் காட்டி, ஒவ்வொரு ஷிப்டுக்கும் தனியாக எழுதி வாங்குங்கள். லைனில் பக்கத்தில் நிற்கும் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்க வேண்டும். மறைத்து வைத்தால் மயங்கி விழும்போது என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாது.

குப்பியில் வரும் இன்சுலின் நம் நாட்டில் 40 யூனிட், 100 யூனிட் என்று இரண்டு வலிமையில் உண்டு. 40க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். கடையில் வாங்கும்போதே இருவரும் சேர்ந்து பாருங்கள். திறக்காத குப்பி ஃப்ரிட்ஜில் இருக்கட்டும், ஃப்ரீஸரில் வேண்டாம். வண்டி டிக்கியில் வைத்தால் வெயிலில் கெட்டுப்போகும். ஃப்ரிட்ஜ் இல்லாத வாடகை அறையில், நனைந்த மணல் நிரப்பிய மண்பானைக்குள் சின்ன டப்பாவில் வைத்தால் ஓரளவு குளிர்ச்சி நிற்கும்.

ரமளான் வந்தால் "எல்லோரும் நோன்பு, நான் மட்டும் சாப்பிடுவதா" என்ற குமைச்சல் வரும். நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகை அல்பகரா சூராவின் 184, 185 வசனங்களிலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்துவது குறையல்ல. களாவா, ஃபித்யாவா என்பதை ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம். நோற்றே தீருவேன் என்பவர் ஒன்றரை, இரண்டு மாதம் முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். விரலில் குத்திப் பார்ப்பதாலோ இன்சுலின் ஊசியாலோ நோன்பு முறியாது என்பதே இன்றைய பெரும்பாலான உலமாக்களின் கருத்து. ஆனால் 70க்குக் கீழே இறங்கினாலும் 300க்கு மேல் ஏறினாலும் நோன்பை விட்டுவிட வேண்டும். இஃப்தாருக்கு இன்னும் பத்து நிமிடம்தானே என்று காத்திருக்கக் கூடாது. அந்த நேரத்தில் அவருக்கே நிதானம் இருக்காது. தண்ணீரை எடுத்துக் கையில் கொடுக்க வேண்டியவர் பக்கத்தில் இருப்பவர்தான்.