குடியிருப்புகளில் ஆபத்தான தைல மரம்: எப்போது அகற்றலாம்? சட்டம் சொல்வது என்ன?

புது தில்லி: கோடைப் புயற்காற்று வீசும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மாதங்களில், வீட்டை ஒட்டி நிற்கும் உயரமான மரங்கள் தில்லிவாசிகளுக்கு அச்சமூட்டுகின்றன. 2022 மே 30 அன்று வீசிய புயற்காற்றின் வேகம், சரோஜினி நகருக்கு அருகிலுள்ள சஃப்தர்ஜங் வானிலை ஆய்வகத்தில் மணிக்கு 100 கிலோமீட்டராகப் பதிவானது. அன்று நகரெங்கும் நூற்றுக்கணக்கான மரங்கள் சாய்ந்தன, உயிரிழப்பும் நேர்ந்தது.

இதே சரோஜினி நகரில்தான் 2018 ஜூன் மாதம் மக்கள் மரங்களைக் கட்டித் தழுவிப் போராடினர். அரசு ஊழியர் குடியிருப்புகள் ஏழின் மறுகட்டுமானத்திற்காக ஆயிரக்கணக்கான மரங்கள் வெட்டப்படவிருந்தன. தில்லி உயர் நீதிமன்றமும் தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் தலையிட்டதால் அப்பணி நிறுத்தப்பட்டது. கட்டுமானத்திற்காக மரங்களை மொத்தமாக வெட்டுவது வேறு. உயிருக்கு ஆபத்தான ஒரு மரத்தை அகற்றுவது வேறு. பின்னதை ஒவ்வொரு மரமாக ஆராய்ந்தே முடிவு செய்ய வேண்டும்.

மூன்று கேள்விகள்

மரத்தின் ஆபத்தை மதிப்பிடும் வல்லுநர்கள் மூன்று கேள்விகளை எழுப்புகின்றனர். மரமோ கிளையோ முறிய வாய்ப்பு எவ்வளவு? முறிந்தால் மனிதர் மீதோ கட்டடத்தின் மீதோ விழுமா? விழுந்தால் விளைவு எவ்வளவு கடுமையானது? யாரும் செல்லாத மூலையில் நிற்கும் பட்ட மரத்தைவிட, குழந்தைகள் விளையாடும் இடத்தின் மேல் நீண்டிருக்கும் விரிசல் விட்ட கிளை அதிக ஆபத்தானது.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட தைல மரம், அதாவது யூகலிப்டஸ், விரைவாக உயர்ந்து வளரக்கூடியது. காற்றே இல்லாத வெப்பமான பிற்பகலிலும் இதன் பெருங்கிளைகள் திடீரென முறிந்து விழுவதுண்டு. எனினும் உயரமோ பழைய சாய்வோ மட்டும் ஆபத்தின் அடையாளம் ஆகாது. தைல மரத்தின் பட்டை உரிவதும் இயல்பே, அது நோயன்று.

அண்மையில் தோன்றிய சாய்வு, சாய்வுக்கு எதிர்ப்புறத்தில் மண் மேலெழுதல், அடிமரத்தில் காளான், கவட்டில் விரிசல், பட்டுப்போன பெருங்கிளைகள் ஆகியவையே எச்சரிக்கைகள். உட்பொந்து உள்ள மரத்தில், எஞ்சியுள்ள நல்ல மரச்சுவரின் தடிமன் அடிமர ஆரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்தால் முறியும் வாய்ப்பு கூடுகிறது.

கால்வாய்க்கோ கேபிளுக்கோ பள்ளம் தோண்டும்போது வேர்கள் அறுபட்டிருந்தால், பசுமையாகத் தோன்றும் மரமும் சாயக்கூடும். அடிமரத்தைச் சுற்றிலும் பூசப்படும் கான்கிரீட்டும் வேர்களை நலிவடையச் செய்கிறது. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்திற்குக் கான்கிரீட்டை அகற்றுமாறு 2013-ஆம் ஆண்டிலேயே தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

தில்லி மரங்கள் பாதுகாப்புச் சட்டம், 1994-இன்படி, சொந்த நிலத்தில் உள்ள மரத்தையும் வனத்துறையின் மர அதிகாரியின் அனுமதியின்றி வெட்டக் கூடாது. மீறினால் ஓராண்டு வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். விண்ணப்பத்தின் மீது 60 நாள்களுக்குள் முடிவெடுக்க வேண்டும். பட்டுப்போன, நோயுற்ற அல்லது உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்தான மரம் எனில் அனுமதி மறுக்கப்படலாகாது என்றும் சட்டம் கூறுகிறது.

உடனடியாக வெட்டாவிட்டால் பேராபத்து நேரும் என்ற நிலையில் மட்டும், நில உரிமையாளர் மரத்தை வெட்டிவிட்டு 24 மணி நேரத்திற்குள் மர அதிகாரிக்குத் தெரிவிக்கலாம். இதைப் பயன்படுத்துவோர், வெட்டுவதற்கு முன் மரத்தின் நிலையைப் புகைப்படங்களாகப் பதிவு செய்துகொள்வது நல்லது.

அரசுக் குடியிருப்பில் வசிப்பவர் நில உரிமையாளர் அல்லர். எனவே அவர் தாமே கோடரியைக் கையில் எடுக்க இயலாது. குடியிருப்பைப் பராமரிக்கும் மத்தியப் பொதுப்பணித் துறையிடம் எழுத்து மூலம் புகார் அளித்து, அதன் நகலை வைத்துக்கொள்ள வேண்டும்.

அகற்றுவது இறுதி வழி

பல நேரங்களில் பட்ட கிளைகளை நீக்குவதே போதுமானது. வாகன நிறுத்தத்தையோ இருக்கையையோ மரத்தடியிலிருந்து மாற்றினாலும் ஆபத்து குறையும். கிளை வெட்டுவதற்கும் விதிகள் உண்டு. குறிப்பிட்ட அளவு வரையிலான கிளைகளை அனுமதியின்றி வெட்ட இடமளித்த வழிகாட்டுதல்களைத் தில்லி உயர் நீதிமன்றம் 2023-இல் ரத்து செய்தது. மரத்தின் உச்சியை மொட்டையாக வெட்டுவதும் தீர்வாகாது. அதன்பின் துளிர்க்கும் கிளைகள் உறுதியாகப் பற்றுவதில்லை. சில ஆண்டுகளில் அவையே முறிந்து விழும்.

வேர்ப்பிடிப்பு தளர்ந்து, அடிமரம் உளுத்து, விழும் திசையில் வீடோ நடைபாதையோ இருந்து, கிளை நீக்கத்தாலும் ஆபத்து தணியாது எனில், மரத்தை அகற்றத் தாமதிக்கலாகாது. மின்கம்பி அருகில் இருந்தால் மின்சாரத்தைத் துண்டித்த பின்னரே, பயிற்சி பெற்ற பணியாளர்களைக் கொண்டு அப்பணியை மேற்கொள்ள வேண்டும். புயல் மாதங்களுக்கு முன்பே மரங்களைப் பரிசோதித்து விண்ணப்பித்தால், 60 நாள் கால அவகாசம் மழைக்காலத்திற்கு முன் முடிவடையும்.