மல்லாட்டை போன வழி, முந்திரி வந்த வழி

விருத்தாசலம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பீங்கான் பொம்மையும் அகல் விளக்கும்தான் ஞாபகம் வரும். அங்கிருந்து பெண்ணாடம் வரையிலான நிலத்தின் பழைய வெளிநாட்டு வியாபாரம் வேறு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே தென்னாற்காட்டு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, புதுச்சேரியில் கப்பலேறி, பிரான்சின் மார்செய் எண்ணெய் ஆலைகளுக்குப் போனது. இன்று அதே நிலத்தின் கடலூர் மாவட்டத்துக்குக் கொட்டை எதிர்த்திசையில் வருகிறது. ஐவரி கோஸ்ட், பெனின், கினி-பிசாவ் நாடுகளின் முந்திரிக்கொட்டை தூத்துக்குடியில் இறங்கி, பண்ருட்டிப் பட்டறைகளில் உடைபடுகிறது. இரண்டு காலத்திலும் நடுவில் ஒரு தரகர் நிற்கிறார்.

அன்றைய தரகருக்குச் சரக்குதான் பலம். விவசாயிக்கு முன்பணம் கொடுத்து, களத்திலேயே மல்லாட்டையைப் பிடித்து, மண்டியில் சேர்த்து, ரல்லி, வோல்கார்ட் போன்ற ஐரோப்பியக் கம்பெனிகளின் ஆட்களிடம் தள்ளிவிடுவார். கடல் தாண்டிய பேரம் அவருக்கு எட்டவில்லை. துணிச்சல் இல்லாமல் இல்லை, வங்கி இல்லை. அந்நியச் செலாவணி முழுக்க பிரிட்டிஷ் எக்ஸ்சேஞ்ச் வங்கிகளின் கையில் இருந்தது. இறக்குமதிக்கு எல்.சி. (விற்பவருக்குப் பணம் கொடுப்பதாக வாங்குபவரின் வங்கி தரும் உறுதிக் கடிதம்) திறக்கப் போனால், பெயர் பெற்ற இந்திய நிறுவனங்களிடம்கூடச் சரக்கு மதிப்பில் 10 முதல் 15 சதவீதம் முன்கூட்டியே கேட்கிறார்கள், வெள்ளைக்காரக் கம்பெனிகளிடம் கேட்பதில்லை என்ற புகார் 1930 வாக்கில் பலமாக எழுந்தது. நகரத்தார்கள் உண்டியல் சீட்டை வைத்துக்கொண்டு பர்மா, மலேயா வரை சமாளித்தார்கள். ஆனால் அது ஆளைத் தெரிந்தவர்களுக்குள் ஓடிய காகிதம். மார்செய் ஆலைக்காரரிடம் செல்லாது. எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் திறந்ததற்கு இந்தக் குறைதான் பின்னணி.

இடையில் ஒரு காலம் அரசாங்கமே தரகராக இருந்தது. 1970-இல் காஷ்யூ கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா வந்தது. ஆப்பிரிக்கக் கொட்டை அதன் வழியாகத்தான் இறங்க வேண்டியிருந்தது. பின்னாளில் அந்த இடம் காலியாகி, சிங்கப்பூரிலும் துபாயிலும் மேசை போட்ட ஆட்கள் உள்ளே வந்தார்கள்.

இவர்களில் பலர் கொட்டையைக் கண்ணால் பார்ப்பதில்லை. கையில் பெரிய முதலும் இருக்காது. அவர்களை நிற்க வைப்பது டிரான்ஸ்ஃபரபிள், அதாவது இன்னொருவருக்கு மாற்றிவிடக்கூடிய, எல்.சி. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். விலை நானாக வைத்தது. பண்ருட்டிக்காரர் 200 டன் கொட்டைக்கு, டன் 1,400 டாலர் என்று சிங்கப்பூர் தரகர் பெயரில் எல்.சி. திறக்கிறார். தரகர் தன் வங்கி மூலம் அதை அபிஜானில் உள்ள விற்பனையாளருக்கு மாற்றிவிடுகிறார், ஆனால் 1,350 டாலருக்கு. சரக்கின் விவரத்தில் கை வைக்கக் கூடாது. விலையைக் குறைக்கலாம், கப்பலேற்றும் கடைசித் தேதியை முன்னே இழுக்கலாம். அபிஜான் டாக்குமென்ட் வந்து சேர்ந்ததும், அந்த இன்வாய்ஸை எடுத்துவிட்டுத் தன் இன்வாய்ஸை வைக்கிறார். நடுவில் நிற்கும் 10,000 டாலர் அவருடையது. ஊர்க் கமிஷன் மண்டியில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேசிய பேரம், வங்கி மேசைக்கு ஏறியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் அந்தத் துண்டு எளிதில் விலகும். யு.சி.பி. 600 என்ற சர்வதேச விதித்தொகுப்பு 2007 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 38-ஆம் விதிப்படி, தன் வங்கி கேட்டவுடன் தரகர் இன்வாய்ஸைக் கொடுக்கவில்லை என்றால், அந்த வங்கி அபிஜான் இன்வாய்ஸையே நேராகப் பண்ருட்டி வங்கிக்கு அனுப்பிவிடலாம். லாபமும் போகும், யாரிடம் என்ன விலைக்கு வாங்கினார் என்ற ரகசியமும் போகும். அடுத்த சீசனில் பண்ருட்டிக்காரர் எதற்கு இவரைக் கூப்பிடப் போகிறார்? இன்னொரு வழி, முதல் எல்.சி.யைக் காட்டித் தன் பெயரில் இரண்டாவது எல்.சி. திறப்பது. இரண்டாவதுக்குப் பணம் கொடுத்த பிறகு முதலாவதில் ஒரு டிஸ்கிரிபன்சி (காகிதங்களில் முரண்பாடு) கிளம்பினால் தரகரின் வங்கி மாட்டிக்கொள்ளும். அதனால் வங்கி மேனேஜர் சொத்துப் பத்திரம் கேட்பார். முதல் இல்லாதவருக்கு அந்தக் கதவு திறப்பதில்லை.

வாங்குபவர் பாடும் சுகமில்லை. வங்கி பார்ப்பது காகிதம். மூட்டையைப் பிரித்துப் பார்ப்பது அதன் வேலையல்ல. இதற்குச் சென்னையிலிருந்தே ஒரு வழக்கு உண்டு. 1960-களில் தாராபூர் நிறுவனம் ஃபராக்கா அணைக் கால்வாய் வெட்ட, எல்.சி. திறந்து சோவியத் இயந்திரங்களை வாங்கியது. இயந்திரம் சொன்னபடி உழைக்கவில்லை, பணத்தை நிறுத்துங்கள் என்று நீதிமன்றம் போனது. உச்ச நீதிமன்றம் தடை கொடுக்கவில்லை. சரக்குத் தகராறு தனி, வங்கி கொடுத்த வாக்கு தனி. முந்திரிக்காரர்கள் இதை அனுபவத்தில் அறிந்தவர்கள். டாக்குமென்டுக்கு 98 சதவீதம், மீதி இங்கே எடையும் தரமும் பார்த்த பிறகு என்று ஒப்பந்தம் போடுவது வழக்கம். 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்ட் பருப்பு தேறுகிறது என்பதுதான் தரம். 47 என்று எழுதி வாங்கிய கொட்டை 43-தான் தந்தால், அந்த 2 சதவீதம் போதாது.

பண்ருட்டியிலோ சென்னையிலோ உட்கார்ந்தும் தரகு பார்க்கலாம், ஆப்பிரிக்கக் கொட்டையை வியட்நாமுக்கு விற்றால். ரிசர்வ் வங்கி இதற்கு 2020-இல் விதி போட்டது. சரக்கு இந்தியச் சந்தைக்குள் வரக் கூடாது. வாங்குவதும் விற்பதும் ஒரே வங்கி வழியாக நடக்க வேண்டும். மொத்தமும் ஒன்பது மாதத்துக்குள் முடிய வேண்டும். கைக்காசு வெளியே நிற்கக்கூடிய உச்சக் காலம் நான்கு மாதமாக இருந்தது, 2025-இல் ஆறாக நீண்டது.

மேற்கு ஆப்பிரிக்காவில் கொட்டை விழும் மாதங்களும் கடலூர் மாவட்டத்தில் கொட்டை விழும் மாதங்களும் கிட்டத்தட்ட ஒன்றே. பிப்ரவரியில் பண்ருட்டி வங்கிகளில் எவ்வளவுக்கு எல்.சி. திறக்கிறார்கள் என்பதைப் பொறுத்து, ஏப்ரலில் உள்ளூர்க் கொட்டைக்கு வியாபாரி விலை சொல்கிறார். முந்திரித் தோப்பு வைத்திருக்கும் விவசாயிக்கு அந்தக் காகிதத்தை யாரும் காட்டுவதில்லை.