எப்போதும் வென்றால் போரடிக்காதா?

மதுரையிலிருந்து தூத்துக்குடி போகிற நாற்கரச் சாலையில், எட்டயபுரம் தாண்டி வருகிறது எங்கள் எப்போதும்வென்றான். பெயர்தான் அப்படி. ஐப்பசி மழை ஏமாற்றினால் உளுந்தும் பருத்தியும் தோற்றுப்போகிற கரிசல் பூமி!

போன தீபாவளிக்குப் போனபோது அக்கா மகன் திண்ணையில் உட்கார்ந்து செல்போனில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேஷியா'. 2017-ல் மலியோ என்ற கம்பெனி வெளியிட்டது. ஜாவா தீவில் நம்ம ஊர் அரசு பஸ் பறக்கிறது, தமிழ் போர்டோடு!

"எப்படிடா?"

"மோட் மாமா. வெளியாள் யாரோ செஞ்ச ஃபைல். கம்பெனியே அனுமதிக்குது." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இன்னொண்ணு இருக்கு. பணம் குறையவே குறையாது. போடவா?"

எனக்கு அனுபவம் உண்டு. 2012-ல் செக் நாட்டு எஸ்.சி.எஸ். வெளியிட்ட 'யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2'-ல் பேங்க் கடன், டீசல், அபராதம், தூக்கம் எல்லாம் உண்டு. சேமித்த ஃபைலைத் திருத்திக் கோடீஸ்வரன் ஆனேன். மூன்றே நாளில் கொட்டாவி! செலவுப் பக்கமே இல்லாத பேரேட்டை எந்த பி.காம்.காரன் ரசிப்பான்?

அதற்குள் பயல் இறக்கிவிட்டான். நிஜ விளையாட்டைத் தூக்கினால்தான் இது உள்ளே வரும் என்றது போன். தூக்கினான். அடுத்த கேள்வி: 'எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதிக்கலாமா?'

பிடுங்கினேன் போனை. அக்காவின் பேங்க் கணக்குக்கு ஓ.டி.பி. வருவது அந்த நம்பருக்குத்தான். "பஸ் ஓட்டுறதுக்கு எதுக்குடா உங்கம்மா மெசேஜ்?" பயல் முழித்தான்.

பஸ்ஸுக்கு வேறு பெயிண்ட் அடிப்பது மாதிரி முதல் வகை. விளையாட்டு அப்படியே இருக்க, பக்கத்தில் ஒரு ஃபைல் சேர்கிறது. இரண்டாவது, பஸ்ஸையே பிரித்து முகம் தெரியாத ஆள் திரும்பப் பூட்டிக் கொடுப்பது. கையெழுத்து மாறிவிடுவதால் ப்ளே ஸ்டோர் அப்டேட்டும் அதில் ஏறாது.

ஆகவே ஆபீஸ் நண்பர்களே, கம்பெனி அனுமதித்த மோட் என்றால் தாராளமாகப் போடுங்கள். சேமித்த ஆட்டத்துக்கு முதலில் ஒரு காப்பி. விளையாட்டையே மாற்றித் தருகிறேன் என்று வந்தால், கும்பிடு!

நிஜத்தையே மறுபடி ஏற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். பத்து நாள் கழித்து போன். "மாமா, சொந்தக் காசுல ஒரு பஸ் வாங்கிட்டேன்!"

அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்துக்கு எந்த மோடும் கிடையாது.